துருசுக்குள் அனுப்பிய வண்டி

துருசொன்றின் உட்புறம், ஆண்டுதோறும் குளம் வற்றியிருக்கும் காலத்தில், பொறுப்பான உத்தியோகத்தர் ஒருவரால் நேரில் பார்வையிடப்படல் வேண்டும். கண்ட குறைகள் காலபோக விதைப்புத் தொடங்குமுன் திருத்தப்படல் வேண்டும். நீர்ப்பாசனத் திணைக்களத்தின் பராமரிப்பு விதிகளில் இதுதான் மிகக் குறுகியது. விளங்காமல் போவதற்கு இதில் ஒன்றுமில்லை. நீளமான விதியென்றால் விளக்கம் கேட்டுக் கடிதம் எழுதலாம், அந்தக் கடிதத்தோடு ஓர் ஆண்டைக் கடத்தலாம். இந்த விதிக்கு ஒன்றுதான் செய்யலாம். குனிந்து உள்ளே போக வேண்டும்.

குளக்கட்டின் அடியால் வயல் வாய்க்காலுக்குத் தண்ணீர் போகும் வழிதான் துருசு. எங்கள் குளத்தில் அது கொங்கிறீற்றால் செய்த ஹியூம் பைப்புகளை ஒன்றோடொன்று பொருத்தி, கட்டுக்குக் குறுக்கே புதைத்துச் செய்தது. ஓர் ஆள் தவழ்ந்து போகலாம், நிமிர முடியாது. நான் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருந்த காலத்தில் முழங்காலில் சாக்குத் துண்டைச் சுற்றிக்கொண்டு, டோர்ச்சை வாயில் கடித்தபடி, இந்தப் பக்கத்தால் நுழைந்து அந்தப் பக்கத்தால் வெளியே வந்திருக்கிறேன். சம்பளத்துக்குச் செய்த வேலை. வேறு குளங்களில் வேறொரு முறை இருந்தது. உத்தியோகத்தர் கட்டின் மேலே குடை பிடித்தபடி நின்று, 'உட்புறம் பார்வையிடப்பட்டது, குறையில்லை' என்று எழுதிக் கையொப்பம் இடுவார். அவர்களில் சிலர் பிறகு எனக்கு மேலதிகாரிகளாக வந்தார்கள்.

சண்டை முடிந்து சனம் திரும்பி வந்த பிறகு அந்தப் பொய்க் கையொப்பமும் நின்றுபோனது. மிதிவெடி அகற்ற வந்தவர்கள் கட்டைத் துப்புரவாக்கினார்கள், குளத்தின் அடியைத் துப்புரவாக்கினார்கள், வயல்களைத் துப்புரவாக்கினார்கள். முடிவில் ஒரு வரைபடம் கொடுத்தார்கள். எல்லாம் பச்சை நிறம். துருசு மட்டும் நிறமில்லாமல் கிடந்தது. நிலத்தடிக் கட்டுமானம் தங்கள் வேலைக்குள் அடங்காது, அது திணைக்களத்தின் பொறுப்பு என்றார்கள். துப்புரவு செய்ததாகச் சான்றிதழ் இல்லாத இடத்துக்குள் உத்தியோகத்தரை அனுப்ப முடியாது என்றது திணைக்களம். இரண்டு பக்கமும் சொன்னது சரி. நடைமுறை தெரிந்தவன் என்ற வகையில் நான் அதை ஒப்புக்கொள்கிறேன். இரண்டு பக்கமும் சரியாக இருக்கும் இடத்தில் ஒரு வேலையும் நடக்காது என்பதையும் நடைமுறை தெரிந்தவன் என்ற வகையிலேயே சொல்கிறேன். அதற்குப் பிறகு ஒவ்வோர் ஆண்டும் 'பாதுகாப்புக் காரணங்களால் பார்வையிடப்படவில்லை' என்று பதிந்தார்கள். அதையாவது உண்மை என்று சொல்லலாம்.

முள்ளியவளைக்கு அப்பால், அந்தக் கட்டுக்குக் கீழே, துருசு வாய்க்காலை ஒட்டி என் அக்காவின் வீடு இருக்கிறது. வீட்டுக்கு முன்னால் அவருடைய வயல். அத்தான் இறந்த பிறகு நானும் பென்சன் புத்தகத்தோடு அங்கே வந்து சேர்ந்தேன். போன வருடம் ஆனி மாதத்தில் ஒருநாள் கட்டில் நடந்துகொண்டிருந்தபோது, துருசுக்கு நேர் மேலே நிலம் கொஞ்சம் தாழ்ந்திருப்பதைக் கண்டேன். ஓர் எருமை படுத்து எழும்பிய அளவு. வேறு யாரும் கண்டால் எருமை படுத்தது என்றுதான் நினைப்பார்கள். நான் குந்திக் கையால் அளந்து பார்த்தேன். கட்டின் மேலே பள்ளம் விழுந்தால் கீழே மண் எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். போவதற்கு ஒரேயொரு வழிதான் உண்டு. பைப்புகளின் பொருத்து ஒன்று விலகியிருக்க வேண்டும். குளம் நிறைந்தபின் அது இன்னும் விலகினால் கட்டு உடையும். உடைந்தால் தண்ணீர் முதலில் போகும் வீடு அக்காவுடையது.

கடிதம் எழுதினேன். பதிவுத் தபாலில் அனுப்பினேன். பிரதி மாவட்டச் செயலகமான கச்சேரிக்கும் போனது. பொதுமகன் ஒருவரின் கடிதத்துக்கு முதலில் கிடைத்ததாக அறிவிக்க வேண்டும், பிறகு பதில் எழுத வேண்டும் என்பதற்கும் விதி உண்டு. இரண்டும் நடக்கவில்லை. குளமோ வற்றிவிட்டது. புரட்டாதி மழைக்கு முன்னால் உள்ளே பார்த்தாக வேண்டும். நான் போவதாகச் சொன்னேன்.

"போ," என்றார் அக்கா. "முழங்கால் நோவுக்கு எண்ணெய் பூசச் சொல்லிக் கத்திற மனுசன் அதுக்குள்ள போய் என்னெண்டு திரும்பி வாறது? உன்னை இழுத்தெடுக்க நான் இன்னொருத்தனை அனுப்பவேணும்."

அதில் நியாயம் இருந்தது. வெடிப்பொருள் கிடக்கிறதோ என்ற பயமும் இருந்தது, அதை இருவரும் சொல்லவில்லை. அப்போதுதான் வவுனியாவில் ஒரு விளையாட்டுச் சாமான் கடையில் கண்ட வண்டி நினைவுக்கு வந்தது. பெரிய சில்லுகள், நான்கு சில்லுக்கும் உந்து சக்தி, கையில் ஒரு றிமோட். கல்லின்மேல் மெதுவாக ஏறி இறங்கும். அதன்மேல் கைத்தொலைபேசியையும் டோர்ச்சையும் கட்டி உள்ளே அனுப்பினால் அது படம் பிடித்துக்கொண்டு வரும். அது வெடித்தால் ஒரு விளையாட்டுச் சாமான் போகும்.

அதை வாங்கிவந்து கட்டின் கற்களில் ஓட்டிப் பார்த்தேன். முதல் நாளே அடிச்சட்டம் பிளந்தது. பிளாஸ்டிக். சில்லும் மோட்டரும் நல்லவை, அவற்றைத் தாங்கும் எலும்புதான் இல்லை. மேலும் வண்டியின் நீளம் போதாது. பொருத்து விலகியிருந்தால் அந்த இடைவெளிக்குள் முன் சில்லு விழுந்து வண்டி அங்கேயே கிடக்கும். எனக்கு வேண்டியது நீளமான அடிச்சட்டம். வளையக் கூடாது. அதைவிட முக்கியம், பாரமிருக்கக் கூடாது. எதன் மேலாவது ஏறினால் அது தன் மேல் ஒன்றும் ஏறவில்லை என்று நினைக்க வேண்டும்.

இரும்புக் கம்பியால் செய்யலாம், பாரம். தட்டையான பட்டியால் செய்யலாம், முறுகும். அளவான பாரத்துக்கு அதிக உறுதி தருவது குழாய் மட்டுமே. உள்ளே வெறுமையாக இருப்பதே அதன் பலம். சைக்கிளைக் கண்டுபிடித்தவனுக்கு அது தெரிந்திருந்தது.

முள்ளியவளையில் சாமான் கடைகளில் இருந்தது மின்சார வயர் இழுக்கும் குழாயும் யன்னல் சீலைக் குழாயும். முதலாவது பிளாஸ்டிக், பற்றரியை வைத்ததும் தொய்ந்தது. இரண்டாவது பார்க்க வெள்ளி போலிருக்கும். என்னிடம் பழைய ஒலிபெருக்கி ஒன்றின் காந்தம் உண்டு. அதைக் கிட்டக் கொண்டுபோனதும் ஓடிவந்து ஒட்டியது. கடதாசி அளவு மெல்லிய தகரத்தைச் சுருட்டி மினுக்கியிருந்தார்கள். பெருவிரலால் அழுத்தினால் பள்ளம் விழுந்தது. தொலைக்காட்சி அன்ரனாக் குழாய் நல்ல அலுமினியம், தூக்கினால் பாரமே தெரியாது. ஆனால் எல்லாம் காற்றிலும் காகத்திலும் வளைந்தவை. ஒருமுறை வளைந்த அலுமினியம் நிமிர்த்தினால் நிமிரும், அடுத்த முறை அதே இடத்தில்தான் முறியும். பழைய சைக்கிளின் சட்டத்தை வாளால் அறுத்துப் பார்த்தேன். உறுதியில் குறை சொல்ல முடியாது, ஆனால் அந்தப் பாரத்தோடு வண்டியின் மோட்டர் முனகியதே தவிர அசையவில்லை. வீட்டுக் கொல்லையில், சண்டைக்குப் பிறகு எங்களை வைத்திருந்த முகாமிலிருந்து கொண்டுவந்த கூடாரத்தின் கால்கள் கிடந்தன. நாகம் பூசிய இரும்பு. அவற்றை நான் நிறுத்தும் பார்க்கவில்லை. அந்தக் கூடாரத்தின் உயரம் எனக்கு இன்னும் கழுத்தில் இருக்கிறது.

அடுத்த கிழமை வவுனியாவுக்குப் போய்த் திரும்பும்போது கனகராயன்குளத்தில் இறங்கினேன். கண்டி வீதியோரம் ஒரு பழைய இரும்புக் கடை. கடைக்காரரின் தகப்பன் மலையகத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறியவர். மகன் இங்கே பிறந்தவர்தான், ஆனால் வீட்டுப் பேச்சு நாவில் இருந்தது.

"வாங்க சேர். என்ன தேடுறீங்க?"

"குழாய். மெல்லிசா, பாரமில்லாததா, வளையாததா."

"கல்யாணத்துக்குப் பொண்ணு தேடுற மாதிரி கேக்குறீங்களே. எதுக்குங்க?"

"ஒரு விளையாட்டுக் காருக்கு."

"பேரனுக்கா?"

"எனக்கு."

அவர் சிரிக்கவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப நல்ல சாமானாத்தான் பாக்கணும்," என்று எழும்பிப் பின்பக்கம் கூட்டிப்போனார்.

தகரக் கொட்டிலில் ஒரு மூலை முழுவதும் ஊன்றுகோல்கள். கமக்கட்டில் வைத்து நடப்பவை. விறகு அடுக்கியதுபோல் அடுக்கியிருந்தார். நான் ஒன்றை எடுத்தேன். காந்தம் ஒட்டவில்லை. சுண்டினால் மணி போன்ற ஒலி. இரண்டு கையாலும் பிடித்து முழங்காலில் வைத்து அழுத்தினேன், முழங்கால்தான் நொந்தது. ஓர் ஆளின் முழுப் பாரத்தையும் ஒவ்வோர் அடிக்கும் தாங்கவென்று செய்த குழாய். அது மட்டுமல்ல, ஆளின் உயரத்துக்கு ஏற்பக் கூட்டிக் குறைக்கவென்று ஒரே இடைவெளியில் வரிசையாகத் துளைகள். நான் துளைக்கவே தேவையில்லை. ஆணியைக் கழற்றி அடுத்த துளையில் போட்டால் வண்டி நீளும். வன்னி முழுவதும் தேடி நான் கண்ட மிகச் சிறந்த குழாய் அது. வன்னியில் அது கிடைப்பதில் வியப்பும் இல்லை. நாங்கள் கேட்டு எழுதாமலே, நினைவூட்டல் அனுப்பாமலே, கப்பல் கப்பலாக வந்து சேர்ந்த ஒரே பொருள் அதுதான்.

"இவ்வளவும் எங்கையிருந்து?"

"பொய்க்கால் கெடச்சவங்க குடுக்குறாங்க. ஆளே போயிட்டா வீட்டுக்காரங்க குடுக்குறாங்க. அலுமினியத்துக்கு எப்பவும் கிராக்கிங்க." நான் ஒன்றை மட்டும் பிடித்திருப்பதைக் கண்டு, "சோடியா எடுங்க சேர். ஒத்தையா நின்னா மத்ததை ஒருத்தரும் கேக்க மாட்டாங்க," என்றார்.

சோடியாகவே எடுத்தேன். பஸ்ஸில் ஏறியதும் முன் கதிரையில் இருந்த பெண் எழும்பி எனக்கு இடம் விட்டார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

படலையைத் திறக்கும்போதே அக்கா கண்டுவிட்டார். குசினி வாசலில் நின்றபடி ஊன்றுகோல்களையும் என் கால்களையும் மாறிமாறிப் பார்த்தார். நான் விளக்கினேன்.

"உதுக்குக் காசு குடுத்தனியோ?" என்றார். "அந்தாளின்ரை பொல்லு அலுமாரிக்குப் பின்னாலை கிடக்கு. கேட்டிருந்தால் தந்திருப்பன்."

அது எனக்குத் தெரியும். கடைசிச் சண்டையில் கால் போனபின் அத்தான் உயிரோடிருந்த காலமெல்லாம் அந்த ஊன்றுகோலோடுதான் நடந்தார். அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அக்கா உள்ளே போய்த் தூசி தட்டிக் கொண்டுவந்து நீட்டினார். வாங்கிய கை தானாகத் தாழ்ந்தது. காந்தத்தை எடுத்தேன், டக்கென்று ஒட்டியது.

"இது இரும்பு அக்கா. மேலே பூச்சுத்தான். பாரம்."

அவர் அதைத் திரும்ப வாங்கினார். நான் வாங்கி வந்ததில் ஒன்றையும் மற்றக் கையில் எடுத்துத் தூக்கிப் பார்த்தார்.

"பாரமாக் கிடக்குது, பாரமாக் கிடக்குதெண்டு ஒவ்வொரு நாளும் சொன்னவர்," என்றார். "என்ரை சமையலைக் குறை சொல்லுறமாதிரி இதையும் குறை சொல்லுறார் எண்டு நான் நினைச்சன்."

பிறகு அதைப் பழைய இடத்திலேயே கொண்டுபோய் வைத்தார். இரண்டு விதமான ஊன்றுகோல்களையும் வழங்கியவர்கள் இருந்திருப்பார்கள். எந்தக் கிராமத்துக்கு எது என்று ஒருவர் கையொப்பமிட்டிருப்பார். தூக்கிப் பார்த்திருக்க மாட்டார்.

வண்டி கட்டி முடிய ஆவணி பிறந்துவிட்டது. அலுமினியத்தைச் சாதாரண வெல்டிங்கால் ஒட்ட முடியாது, ஓட்டை விழும். அதனால் குழாயின் நுனிகளைத் தட்டையாக்கி, சைக்கிள் கரியர்போல் ஆணியும் நட்டும் போட்டு முடுக்கினேன். முன் பக்கம் மேலே வளைய வேண்டியிருந்தது. வெறுமனே வளைத்தால் குழாய் மடிந்துவிடும். உலர்ந்த மணலை இறுக அடைத்து, இரண்டு வாயையும் மரக் கட்டையால் அடித்து மூடி, அடுப்பில் சூடாக்கி மெதுவாக வளைத்தேன். குசினியை நான் பிடித்துக்கொண்டதால் அன்று சோறு பிந்தியது. துளைகளை மேலும் கீழும் வராமல் பக்கவாட்டில் வரும்படி திருப்பிப் போட்டேன். பாரம் ஏறும்போது குழாயின் மேல்பக்கம் நெரிபடும், கீழ்ப்பக்கம் இழுபடும், பக்கங்களுக்கு அவ்வளவு வேலையில்லை. துளை இருக்க வேண்டிய இடம் வேலையில்லாத இடம்தான். அலுவலகத்திலும் அப்படி வைத்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

பின்னால் ஒரு நைலோன் கயிறு. உள்ளே சிக்கினால் இழுத்தெடுக்க.

ஓட்டும் நாளில் ஊர் விவசாயிகளின் கமக்காரர் அமைப்பின் தலைவரை அழைத்தேன். தனியாக எடுத்தால், நான் வேறெங்கேயோ எடுத்த படம் என்று திணைக்களம் சொல்லக் கூடாதல்லவா. அவர் வந்தார். வந்து, நல்ல தூரத்தில், ஒரு பாலை மரத்துக்குப் பின்னால் நின்றார்.

"ஐயா, நான் இங்கையிருந்தே சாட்சி," என்றார்.

அக்கா வாய்க்கால் கட்டில் எனக்குப் பக்கத்தில் குந்தினார்.

"எட்டிப் போங்கோ அக்கா."

"நீ நிக்கிறாய்தானே."

"நான் றிமோட் பிடிக்க வேணும்."

"நான் கயிறு பிடிக்க வேணும். உன்னை நம்பிக் கயிறை விட்டால் தொலைபேசியும் போகும்."

தொலைபேசி அவருடையது. வண்டி துருசுக்குள் நுழைந்தது. சில்லு சேற்றில் அரைபடும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது, பிறகு கேட்கவில்லை. கயிறு அக்காவின் கைக்குள்ளால் ஊர்ந்துகொண்டிருந்தது. ஓரிடத்தில் நின்றது. பின்னால் எடுத்தேன், முன்னால் விட்டேன். ஓடியது, மறுபடி நின்றது, மறுபடி ஓடியது. போனது காணும் என்று நினைத்தபோது திருப்பினேன். வெடிச் சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. தலைவர் மரத்துக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தார்.

படத்தைக் குசினியில் வைத்துப் பார்த்தோம். முதலில் வண்டி நின்ற இடத்தில் கிடந்தது ஒரு அலுமினியச் சட்டி. அடி கரிபிடித்த, சோறு சமைக்கும் சட்டி. அதன் அருகே ஒரு ரப்பர்ச் செருப்பு. செல் குண்டுகளுக்குப் பயந்து யாரோ குடும்பமாக உள்ளே இருந்திருக்கிறார்கள். இத்தனை ஆண்டும் வரைபடத்தில் நிறமில்லாமல் கிடந்த ஆபத்து அந்தச் சட்டிதான்.

இரண்டாவதாக நின்ற இடத்தில் பைப்பின் பொருத்து விலகியிருந்தது. நடுக்கட்டுக்குக் கீழே, சுற்றிவர, மேற்பக்கத்தில் கை நுழையும் அளவு. அதற்குள்ளால் வேர்கள் தொங்கின. டோர்ச் வெளிச்சத்தில், நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, மண் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்து வண்டியின் மூக்கில் விழுந்தது. முன் சில்லு அடிப்பக்கத்து இடைவெளிக்கு மேலால் நீட்டிக்கொண்டு நின்றது. குழாய் வளையவில்லை. என் வாழ்நாளில் நான் செய்த வேலைகளில் இதில்தான் ஒரு குறையும் சொல்ல முடியாது. அதற்காக மகிழக்கூட அந்தப் படம் விடவில்லை.

"இதுக்கு மேலதான் கட்டு நிக்குதோ?" என்று அக்கா கேட்டார்.

"ஓம்."

"அதுக்குக் கீழ நாங்கள் இருக்கிறம்."

"ஓம்."

அடுத்த நாளே திணைக்களத்துக்குப் போனேன். பொறுப்பில் இருந்தவர் ஒரு பொறியியலாளர், என் மகள் வயது. மரியாதையாக எழும்பி நின்று கதிரை தந்தார். படத்தை முழுவதும் பார்த்தார். முகம் மாறியது. பார்த்தது விளங்காமல் இல்லை.

"சேர், நீங்கள் கோவிக்கக் கூடாது. இதை நான் பார்வையிட்டதா எழுத ஏலாது. விதியில 'உத்தியோகத்தர் நேரில்' எண்டு கிடக்கு. நீங்கள் இப்ப உத்தியோகத்தர் இல்லை."

"நான் போகவுமில்லை, மிஸ். வண்டிதான் போனது."

"அதுதான் சேர். வண்டிக்குப் பதவி இல்லையே."

அவர் பகிடி விட்டாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பகிடியாக இருந்தால் நல்ல பகிடி. தானாக ஒன்றும் செய்ய முடியாது, ஆனால் கமக்காரர் அமைப்பு கூட்டத்தில் தீர்மானம் எடுத்துக் கடிதமாகத் தந்தால் மேலே அனுப்புவதாகச் சொன்னார். எடுத்தோம். தந்தோம். மேலே அனுப்பினார். அவரை நான் குறை சொல்லமாட்டேன். மேலே என்பது ஓர் இடம், அங்கேயிருந்து கடிதங்கள் கீழே விழுவதற்கு நாள் எடுக்கும். இதற்கிடையில் திணைக்களம் காலபோகக் கூட்டத்தை வைத்து விதைப்புத் திகதியை அறிவித்தது. அதற்கு ஒருவரும் பிந்தவில்லை. எல்லாரும் விதைத்தார்கள். அக்காவும் விதைத்தார்.

கார்த்திகையில் மழை இறங்கியது. குளம் மூன்றில் இரண்டு பங்கு நிறைந்தபோதே கட்டின் வெளிப்புற அடியில், துருசு வாய்க்கு அருகே, நிலம் ஊறத் தொடங்கியது. முதலில் தெளிந்த தண்ணீர். அது பரவாயில்லை. பிறகு, குளம் நிரம்பும் தறுவாயில், கலங்கல். கலங்கல் வந்தால் கட்டு கரைகிறது. பிரதேச அலுவலகத்தில் இருந்து கிராம அலுவலர் வந்து, கட்டுக்குக் கீழே இருப்பவர்கள் பள்ளிக்கூடத்தில் தங்கலாம் என்றார். பாயும் தருவார்களாம்.

"பள்ளிக்கூடத்தில படுத்தெழும்பினது எனக்குக் காணும்," என்றார் அக்கா. "நான் இனி ஓரிடமும் எழும்ப மாட்டன். கட்டு வந்தால் கட்டு வரட்டும்."

பின்னேரம் ஊர் முழுவதும் வான் அருகில் கூடியது. குளம் நிறைந்தால் மேலதிக தண்ணீர் தானாக வழிந்து போகும் இடம்தான் வான். அதை வெட்டித் தாழ்த்தினால் நீர்மட்டம் இறங்கும், கட்டின் மேல் அழுத்தம் குறையும். கையில் மண்வெட்டிகளோடு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஐயா, சட்டம் என்ன சொல்லுது?" என்று தலைவர் கேட்டார்.

"வானை வெட்டக் கூடாது எண்டு சொல்லுது. வெட்டினால் வழக்கு."

"நீங்கள் என்ன சொல்லுறியள்?"

"நடுவில வெட்டாதேங்கோ, அரிச்சுக்கொண்டு போகும். கிழக்குப் பக்கம் வெட்டுங்கோ. அங்க அடி கல்லு."

ஒருவரும் அசையவில்லை. வெட்டினால் என்னவென்று என்னைவிட அவர்களுக்குத் தெரியும். மார்கழிக்குப் பிறகு மழை இல்லாவிட்டால் வயலுக்கு இருப்பது குளத்துத் தண்ணீர்தான். அதை இப்போது காட்டுக்குள் விடப்போகிறோம். துருசுக்கு அருகே, முதல் வாய்க்காலில், எப்போதும் தண்ணீர் காணும் வயல் அக்காவுடையது. அவருக்கு வீடு ஒரு பக்கம், வயல் மறுபக்கம். எல்லாரும் மெதுவாக அவரைப் பார்க்கத் தொடங்கினார்கள்.

"என்னை ஏன் பாக்கிறியள்?" என்றார் அக்கா. "இருட்டப் போகுது. வெட்டுறதெண்டா வெட்டுங்கோ." பக்கத்தில் நின்றவனின் மண்வெட்டியை வாங்கி, முதல் வெட்டை அவரே வெட்டினார். அது அவ்வளவு ஆழமான வெட்டு இல்லை. பிறகு மற்றவர்கள் இறங்கினார்கள்.

கட்டு நின்றது. ஊறல் நின்றது. வீடு இருக்கிறது. மார்கழி பிறந்ததோடு மழையும் நின்றது. நெல் குடலையாகி, கதிர் வெளியே வந்து, பால் பிடிக்க வேண்டிய நேரத்தில் நிலம் வெடித்தது. குளத்தின் அடியில் மிச்சமிருந்த தண்ணீரைத் துருசைத் திறந்து விடவும் பயம், விலகிய பொருத்து அதற்குள்தானே. அக்கா ஒருநாள் வயலில் இறங்கி ஒரு கதிரைக் கிள்ளிக்கொண்டு வந்து குசினியில் என் முன்னால் உருவிக் காட்டினார். எல்லாம் சப்பி. உள்ளே ஒன்றுமில்லை. அதைக் கோழிக்குப் போட்டார், கோழி கொத்திப் பார்த்துவிட்டுப் போனது.

தைப்பூசத்தன்று எங்கள் பக்கத்தில் புதிர் எடுப்பார்கள், புது நெல்லைக் குற்றிச் சமைத்துப் படைப்பார்கள். அக்கா கடையில் வாங்கிய அரிசியைக் கழுவி உலையில் போட்டுக்கொண்டிருந்தபோது தபால்காரர் படலையில் மணி அடித்தார். பழுப்பு நிற உறை, அரசாங்கத் தபால். நான் கண்ணாடியைத் தேடி எடுத்து வாசித்தேன்.

"என்னவாம்?" என்று அக்கா உள்ளேயிருந்து கேட்டார்.

"குளம் வத்தினாப் பிறகு அதிகாரி ஒராள் நேரில வந்து துருசுக்குள்ள பாப்பாராம். அதுவரைக்கும் வானில ஒருத்தரும் கை வைக்கக் கூடாதாம்."

அகப்பையோடு வெளியே வந்தார். எங்கள் வாசலில் இருந்து பார்த்தால் வானில் வெட்டிய இடம் தெரியும், அதற்குள்ளால் வற்றிப்போன குளத்தின் அக்கரைச் சேறும் தெரியும்.

"அப்ப நாளைக்கே வரலாமெண்டு எழுது," என்றார்.

அலுவலகத்துக்கு வரும் எந்தக் கடிதத்திலும் முதலில் கிடைத்த திகதியைப் பதிய வேண்டும், பதில் அதற்குப் பிறகுதான். என்னிடம் முத்திரை இல்லை. கடிதத்தின் மேல் வலது மூலையில் பேனையால் எழுதினேன்: கிடைத்தது, தைப்பூசத்தன்று.